குச்சிக் கட்டிலிருந்து குறிப்பேட்டுக்கு: தொடக்க வகுப்புகளில் கையால் செய்து கற்றல்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. குச்சி, புளியங்கொட்டை, அட்டை ஆகியவற்றைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஆர்வத்தோடு எண்ணுகிறார்கள், அடுக்குகிறார்கள். அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் விழிக்கிறார்கள். வகுப்பில் சத்தம் கூடுகிறது, பாடமும் பின்தங்குகிறது. அப்படியானால் இந்தச் செயல்பாடுகளால் உண்மையில் பயன் உண்டா, உண்டென்றால் எவற்றை, எப்படிச் செய்ய வேண்டும் என்கிறார்.

பயன் நிச்சயமாக உண்டு. ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். கையால் சரியாகச் செய்துவிடும் பிள்ளை தாளில் தடுமாறுவதாக நீங்கள் சொல்வதும் உண்மைதான். பொருளிலிருந்து குறியீட்டுக்குக் கடக்கும் வழியை நாம் வகுப்பில் போட்டுக் கொடுக்காமல் விட்டுவிடும்போது அந்த நிலை வருகிறது. குச்சியை எண்ணியதும் செயல்பாடு முடிந்துவிட்டதாக எண்ணி, அடுத்த நாள் நேரே புத்தகத்துக்குத் தாவிவிடுகிறோம். இடையில் இருக்க வேண்டிய பேச்சு, படம், மீண்டும் மீண்டும் இரு திசையிலும் போய் வருதல் ஆகியவைதான் உண்மையான பாடம். அவற்றுக்கு நேரம் ஒதுக்காத செயல்பாடு விளையாட்டாக மட்டுமே நின்றுவிடும்.

பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் நம் கண்ணுக்கு அது ஒரு பத்தாகத் தெரிகிறது. பத்து என்பதை நாம் முன்பே அறிந்திருப்பதால் அப்படித் தெரிகிறது. பிள்ளைக்கு அது வெறும் குச்சிக் கட்டு. ஒரு பொருள் தானாகவும் இருந்துகொண்டு வேறொன்றைக் குறிக்கவும் செய்யும் என்பது சிறு வயதில் எளிதில் பிடிபடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையின் சிறிய மாதிரியில் குட்டிப் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, உண்மையான அறையில் அதே இடத்தில் ஒளிந்திருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளால் முடியவில்லை, மாதிரியில் பொம்மை எங்கே இருந்தது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தும். பின்னர் நடந்த சோதனைகளில், மாதிரியை வைத்துச் சிறிது நேரம் விளையாட விட்டபின் தேடச் சொன்னபோது மூன்று வயதுப் பிள்ளைகளும் முன்னைவிட அதிகமாகத் தவறினார்கள். நம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களைவிட மூத்தவர்கள் என்றாலும், எண்ணும் எழுத்தும் அந்தச் சிறிய மாதிரி அறையைவிடக் கடினமான குறியீடுகள் என்பதை மறக்கக் கூடாது. பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பொருளாகவே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். வண்ண வண்ணக் கரடிப் பொம்மைகளைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் அம்மாக் கரடி, குட்டிக் கரடி என்று குடும்பம் நடத்தத் தொடங்குவார்கள். ஒரே மாதிரியான ஈர்க்குச்சியும் புளியங்கொட்டையும் அந்தத் தொல்லையைத் தருவதில்லை, விலையும் இல்லை.

இனி இட மதிப்பை எடுத்துக்கொள்கிறேன். முதல் மூன்று வகுப்புகளின் கணக்கில் இதைவிட முக்கியமான கருத்து வேறு இல்லை. இரண்டாம் வகுப்பில் ‘இருபத்து மூன்று’ என்று சொல்லி எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 203 என்று எழுதுவார்கள். காதில் விழுந்தபடி இருபதை எழுதி, பக்கத்தில் மூன்றை எழுதியிருக்கிறார்கள்; அவர்கள் போக்கில் அது சரியான சிந்தனைதான். அந்தப் பிள்ளையிடம் ‘தப்பு’ என்று சொல்லி அழிக்க வைப்பதற்குப் பதிலாக, இருபத்து மூன்று குச்சிகளை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டு வரட்டும். பிறகு பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். இந்தக் கட்டுகளைப் பிள்ளையே கட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டி வைத்த கட்டுகளைக் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். ஆனால் உதிரியாக இருந்த பத்து ஒன்றாகும் அந்தக் கணத்தை நாம் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறோம். குறைந்தது முதல் சில வாரங்களுக்காவது கட்டுவதும் அவிழ்ப்பதும் பிள்ளைகளின் வேலையாகவே இருக்கட்டும்.

கட்டி முடித்தபின் எண் அட்டைகளுக்கு வரலாம். 10, 20, 30 முதல் 90 வரை நீளமான அட்டைகளிலும், 1 முதல் 9 வரை அவற்றில் பாதி அகலமுள்ள அட்டைகளிலும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கட்டுகளுக்கு நேரே 20 அட்டை, மூன்று உதிரிகளுக்கு நேரே 3 அட்டை. பிறகு 20 அட்டையில் உள்ள பூஜ்யத்தின் மேல் 3 அட்டையை வைத்து மூடச் சொல்லுங்கள். 23 தெரியும். ‘பூஜ்யம் எங்கே போச்சு?’ என்று கேளுங்கள். ‘மூணுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு’ என்பார்கள். மேல் அட்டையைத் தூக்கிப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வார்கள். 203 எழுதிய பிள்ளை தன் விடையில் என்ன நடந்தது என்பதை இந்த அட்டைகளைக் கொண்டு தானே சொல்லிவிடும். இதற்குப் பிறகு எதிர்த்திசையிலும் போக வேண்டும்: 35 என்று எழுதிக் காட்டி, குச்சியில் காட்டச் சொல்ல வேண்டும்; 53-ஐயும் காட்டச் சொல்லி, இரண்டிலும் அதே இலக்கங்கள்தானே இருக்கின்றன, குச்சிகள் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் குச்சியிலிருந்து எண்ணுக்கு ஒரு திசைப் பயணம் மட்டுமே நடக்கிறது. எண்ணிலிருந்து குச்சிக்குத் திரும்பி வரச் சொல்லும்போதுதான் யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தார் என்பது தெரியவரும்.

கழித்தலில் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாளில் மட்டும் பழகிய பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிடுவார்கள். குச்சியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. அதன் முன்னே நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிகளும் இருக்கின்றன. பதினேழு குச்சிகளை எனக்குக் கொடு என்று நீங்கள் கையை நீட்டுகிறீர்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிடும். பிறகு இரண்டு உதிரிகளைக் கொடுக்கும். இன்னும் ஐந்து வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். சிறிது நேரம் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அவுக்கலாமா டீச்சர்?’ என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்ட பிள்ளைக்குக் கழித்தலின் மையம் கிடைத்துவிட்டது. ரப்பர் பேண்டைக் கழற்றிப் பத்தையும் உதிரியாக்கி, ஐந்தைக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் என்று சொல்லும்.

அதன்பின் படம். கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று வகுப்பு முழுவதற்கும் ஒரே வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடுகளும் இரண்டு புள்ளிகளும் வரைந்து, ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளிகள் வைத்து, பதினேழை நீக்கிக் காட்டட்டும். சில நாள்களுக்குப் பிறகு, படத்துக்குப் பக்கத்திலேயே எண்ணில் எழுதும் முறையை வையுங்கள்: 4-ஐ அடித்து 3 என்று எழுதுவது எந்தக் கோட்டை அடித்ததற்கு நேரானது, 2 ஏன் 12 ஆனது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில், செய்து அறிதல், படமாக அறிதல், குறியீடாக அறிதல் என்று மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். நம் பயிற்சி ஏடுகளிலும் இந்த மூன்றும் வருகின்றன. வகுப்பறையில் நடுவில் உள்ள படம்தான் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. உங்கள் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து விழிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தமிழ் எழுத்துகளிலும் இதே கடப்பு இருக்கிறது, ஆனால் வேறு வடிவில். மணலில் விரலால் எழுதிப் பழகுவது திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவ வைத்த முறையும் நமக்கு அந்நியமானதல்ல. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். இரண்டு முறைகளிலும் ஒரே நிபந்தனைதான்: விரல் நகரும்போது வாய் ஒலிக்க வேண்டும். ஒலியில்லாமல் தடவும் பிள்ளைக்கு ஒரு வளைவு கிடைக்குமே தவிர எழுத்து கிடைக்காது. எழுதும் திசையையும் கவனியுங்கள். மணல் தட்டில் தவறான இடத்திலிருந்து தொடங்கும் பழக்கம் வந்துவிட்டால், பென்சிலில் அதை மாற்றுவது கடினம்.

உயிர்மெய்க்குக் குறி அட்டைகள் மிக நல்ல கருவி, ஆனால் எல்லா வரிசைக்கும் ஒரே வகை அட்டை பயன்படாது. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை எழுத்தைத் தொடாமல் தனித்து நிற்பவை. எனவே கா, கெ, கே, கை, கொ, கோ ஆகியவற்றை அட்டைகளை நகர்த்தியே உருவாக்கலாம். ‘கெ’ என்பதில் எகர ஒலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. இந்த முரண்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. ‘க’ அட்டையை நடுவில் வைத்து, இடப்பக்கம் கொம்பையும் வலப்பக்கம் காலையும் தாமே கொண்டுவந்து சேர்க்கும்போது, ‘கொ’வின் ஒரே ஒலியை இரண்டு பக்கமும் நிற்கும் குறிகள் சேர்ந்து தருகின்றன என்பது தெளிவாகிவிடும். இகர, ஈகாரக் குறிகள் எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்பவை. அவற்றுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் குறியை மட்டும் வரைந்து, எழுத்தின் மேல் வைத்துப் பார்க்க விடலாம்.

உகர வரிசைக்கு இந்த வழி எதுவும் உதவாது, ஏனென்றால் குறியைத் தனியே பிரிக்கவே முடியாது. அங்கே வகைப்படுத்துதலே சிறந்த செயல்பாடு. பதினெட்டு உகர எழுத்துகளையும் தனித்தனி அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பி, ஒரே மாதிரி மாறியிருப்பவற்றைச் சேர்த்து வையுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஙு, சு, பு, யு, வு என்று கீழே கோடு இறங்குபவை ஒரு குவியலாகும். கு, டு, மு, ரு, ழு, ளு என்று சுழித்து வளைபவை இன்னொன்றாகும். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது குவியல். பிள்ளைகள் ‘கு’வை எங்கே வைப்பது என்று சண்டை போடுவார்கள், போடட்டும், ஏன் அங்கே வைத்தாய் என்று மட்டும் கேளுங்கள். பதினெட்டைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதாக இருந்த வேலை மூன்று வகைகளை நினைவில் வைப்பதாகக் குறைந்துவிடும், அதுவும் அவர்களே கண்டுபிடித்த வகைகள்.

அளத்தலைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செயல்பாடாகச் செய்வது எளிது, ஆனால் கருத்தைத் தவறவிடுவதும் எளிது. பெஞ்சைச் சாணால் அளக்கச் சொன்னால் ஒரு பிள்ளைக்குப் பதினொன்று வரும், உங்களுக்கு ஏழு வரும். பெஞ்சு நீண்டுவிட்டதா, சுருங்கிவிட்டதா என்ற கேள்வியை அங்கேயே கேட்டு, பிள்ளைகள் தங்கள் சொற்களில் பதில் சொல்லும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். சாண்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அளக்கும் பிள்ளை, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அளக்கும் பிள்ளை ஆகியோரை மற்றவர்களே பிடித்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் அளவுகோலுக்கு வரும்போது, கடையில் வாங்கிய அளவுகோலை உடனே கொடுக்காமல், ஒரு சென்டிமீட்டர் சதுரங்களைத் தாள் பட்டையில் நெருக்கமாக ஒட்டித் தாங்களே ஓர் அளவுகோல் செய்யட்டும். 1 என்ற கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கும் பரவலான தவறு இதனால் வெகுவாகக் குறையும். எண்கள் கோடுகளை எண்ணுவதில்லை, இடைப்பட்ட துண்டுகளை எண்ணுகின்றன என்பது கையில் பட்டுவிடுகிறது. 3-லிருந்து 8 வரை மட்டும் உள்ள உடைந்த அளவுகோலால் பென்சிலை அளக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சூழ்நிலையியலில் பயறு முளைக்க வைப்பதும், மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பதும் எல்லாப் பள்ளிகளிலும் நடக்கின்றன. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன்: செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லியோ வரைந்தோ வைக்க வேண்டும். தோலோடு ஆரஞ்சு மிதக்கும், உரித்தால் பெரும்பாலும் மூழ்கிவிடும். முன்பே ஊகித்துச் சொன்ன பிள்ளைதான் இதைக் கண்டு வியந்து காரணம் தேடும். மற்றவை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்த வழியில் பெரிய அளவில் நடந்த முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டைகள், தரையில் வட்டமாக அமர்தல், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் போட்ட கரும்பலகை, வரைந்தவற்றைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றத்தையே அது மாற்றியது. ஆசிரியர் மட்டும் எழுதும் இடமாக இருந்த கரும்பலகையைப் பிள்ளைகளுக்கும் இறக்கிக் கொடுத்தது பெரிய காரியம் என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் நாளடைவில் பல வகுப்புகளில் அட்டையை முடிப்பதே இலக்காகி, பொருளுக்கும் பேச்சுக்கும் இடம் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஒரே குச்சிப் பெட்டியை வைத்து மூன்று நிலைக்கும் வேலை கொடுக்க முடியும் என்பதால் இது உங்களுக்குச் சாதகமானதே: அரும்பு எண்ணிக் கட்டட்டும், மொட்டு கட்டுகளைப் படமாக வரையட்டும், மலர் எண்ணில் எழுதி ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையைப் பற்றிய பேச்சாக இருந்தால் அதை அடக்க வேண்டியதில்லை; தலைமை ஆசிரியருக்கு அதை விளக்கவும் தயங்க வேண்டாம். தேவையற்ற சத்தம் பெரும்பாலும் பொருள்களைப் பங்கிடும்போதும் திரும்ப வாங்கும்போதும் எழுகிறது. நான்கு பேருக்கு ஒரு டப்பா என்று வைத்து, உள்ளே எத்தனை இருக்க வேண்டும் என்று மூடியில் எழுதி, வாரம் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். எண்ணித் திருப்பி வைப்பதும் கணக்குதான். விளையாட்டும் கணக்கும் கலந்துவிடாதபடி, புதிய பொருளைக் கொடுக்கும் முதல் நாளில் சிறிது நேரம் இஷ்டம்போல விளையாட விட்டுவிடுங்கள்; அந்த ஆவல் தீர்ந்த பிறகே அது கணக்குக் கருவியாகும். ஒரே வாரத்தில் புதிது புதிதாகப் பல செயல்பாடுகளைக் கொண்டுவருவதைக் காட்டிலும், குச்சி, கொட்டை, எண் அட்டை, குறி அட்டை, மணல் தட்டு ஆகிய ஐந்தை ஆண்டு முழுவதும் ஆழமாகப் பயன்படுத்துவது பாடத்தையும் பின்தங்க விடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகானது, ஆனால் கொடிய நஞ்சுள்ளது. முதல் வகுப்பில் எந்தக் கொட்டையையும் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளாதபடி கண் வைத்திருங்கள்.

கடைசியாக, குச்சியை எப்போது எடுத்துவிடுவது என்ற கேள்வி. நீங்களாக நாள் குறித்து நிறுத்த வேண்டாம். கணக்கைக் கொடுத்துவிட்டு டப்பாவை மேசையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள்; வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். எடுக்காமலே சரியாக எழுதும் பிள்ளையிடம், ‘இந்த 12 எப்படி வந்தது, குச்சியில் செய்து காட்டு’ என்று கேளுங்கள். காட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இனி டப்பா தேவையில்லை. எழுதத் தெரிந்து காட்டத் தெரியாவிட்டால், அது முறையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. இன்னும் சில நாள் கட்டி அவிழ்க்கட்டும். நோட்டில் எதுவும் எழுதவில்லையே என்று கேட்கும் பெற்றோரிடமும் இதையே செய்து காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் முன்னால் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, 42-லிருந்து 17-ஐக் குச்சியிலும் பிறகு எண்ணிலும் செய்ய விடுங்கள்.